மரப்பெட்டிக்குள் ஒரு வீடு

கட்டாரில் தொழில் புரியும் சகோதரர் ஒருவர் தன் மருமகளுக்கென்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டியின் மேலே அழகான இரண்டு மாடி வீட்டின் படம். திறந்து பார்த்தால் உள்ளே வீடு இல்லை. மெல்லிய பலகைத் தாள்கள், நூல் போன்ற கம்பிகள், துணித் துண்டுகள், கடுகளவு மணிகள், ஒரு சின்னக் குறடு, படங்கள் நிறைந்த ஒரு புத்தகம். பிள்ளை ஏமாந்துபோய் அழுதிருக்கிறாள். "இதை எங்கிருந்து தொடங்குவது? தொடங்கினாலும் பொம்மை வீட்டை எங்கள் வீட்டில் வைத்திருக்கலாமா?" என்று அந்தத் தாய் இரண்டு கேள்விகளையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஒரு மௌலவியிடம் கேட்பது வழக்கமாக அதைத்தான். ஆனால் எங்கள் வீட்டிலும் இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பாடசாலை விடுமுறைகளாக எமது சாப்பாட்டு மேசையில் பாதி இப்படியான ஒரு வீட்டுக்குத்தான் சொந்தமாக இருந்தது. ஆகவே முதலாவது கேள்விக்கும் சொல்ல என்னிடம் சில விடயங்கள் உண்டு.

மார்க்க விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவர்களது தோழிகள் நபியவர்களைக் கண்டு கூச்சப்பட்டு ஒளிந்துகொள்ளும்போது நபியவர்களே அவர்களைத் திரும்ப விளையாட அனுப்பி வைத்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் வரும் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் விருப்பமானது. காற்றில் திரை விலகுகிறது. உள்ளே ஒரு தட்டில் பொம்மைகள். நடுவே துண்டுகளால் இரண்டு சிறகு வைத்த ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று கேட்டபோது, சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி திருப்பிக் கேட்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். திரை போட்ட அந்தத் தட்டும் ஒரு பொம்மை வீடுதானே! பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்தே வந்துள்ளனர். பேணுதலாக இருக்க விரும்புவோர் கண், மூக்கு வரையாத துணிப் பொம்மைகளை வைத்துக்கொள்ளலாம். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் வீட்டை மட்டும் கட்டுங்கள். ஆட்கள் இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் ஆட்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி பெட்டிக்கு வருவோம்.

முதலில் பெட்டியின் மேல் 1:12 என்றோ 1:24 என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் எதையும் வாங்கவோ ஒட்டவோ கூடாது. 1:12 என்றால் உண்மை வீட்டின் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். 1:24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். ஏழடிக் கதவு முதலாவதில் ஏழங்குலமாகும், இரண்டாவதில் மூன்றரை அங்குலமாகும். இப்போது பெட்டிகளில் வரும் சிறிய வீடுகளில் அநேகமானவை 1:24 அளவானவை. பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் பார்பி பொம்மையோ பதினொன்றரை அங்குல உயரம். அது ஏறக்குறைய 1:6 அளவு. அந்த வீட்டுக்குள் அவள் தலையைக்கூட நுழைக்க முடியாது. இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு தெரிய வந்தால் இரண்டாவது அழுகைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பலகைத் தாள்களில் துண்டுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். சிறு சிறு புள்ளிகளில் மட்டும் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிய்த்து மேசையில் குவிப்பது. விடாதீர்கள். தாளில் இருக்கும்வரை ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. பிய்த்த பிறகு யன்னல் சட்டமும் கட்டில் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அன்றைய வேலைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, பின்புறத்தில் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளியைக் கட்டர் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும், கையால் இழுத்தால் பிளைவூட்டின் மேல்தோல் கிழிந்துவிடும். லேசர் கதிரால் வெட்டிய பலகையின் ஓரங்கள் கருகி, கையில் கபில நிறமாக ஒட்டும். மெல்லிய சாண்ட் பேப்பரால் இரண்டு தடவை தேய்த்தால் போதும். அதிகம் தேய்த்தால் பொருத்து தளர்ந்துவிடும்.

பசை பூசுவதற்கு முன்பு பசையில்லாமல் ஒரு தடவை முழு வீட்டையும் கூட்டிப் பாருங்கள். சுவர், நிலம், மாடி, படிக்கட்டு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பினால் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த வேண்டும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போகும். வீண் வேலை என்று தோன்றும். ஆனால் எந்தப் பலகை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தச் சுவர் எழுந்த பிறகு எந்த மூலைக்குள் கை போகாது என்பதெல்லாம் அந்த மாலையில்தான் விளங்கும். படிக்கட்டின் கீழே உள்ள சுவரைப் பிறகு பூசலாம் என்று விட்டவர்கள் பிறகு பூசுவதே இல்லை.

பசைக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையே சிறந்தது. அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், நன்றாக இறுகுவதற்கு ஒரு நாள் விட வேண்டும். பிடிப்பதற்கு உடுப்புக் கிளிப்பும் இறப்பர் பட்டியும் போதும். சூடாக்கி ஊற்றும் பசைக்குச்சி உடனே ஒட்டும்தான். ஆனால் எமது வெயிலுக்கு அது இளகும், ஓராண்டில் கூரை கழன்று கையோடு வரும். கண நேரத்தில் ஒட்டும் சுப்பர் குளூவைக் கம்பிக்கும் மணிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யன்னல் கண்ணாடியாக வரும் பிளாஸ்டிக்கில் அது பட்டால் சுற்றிலும் வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிடும், பிறகு துடைத்தாலும் போகாது. அந்தப் பிளாஸ்டிக்கின் இரு புறமும் மெல்லிய காப்புத் தோல் ஒன்று இருக்கும். கீறல் விழுந்த கண்ணாடி வந்திருக்கிறதென்று கோபப்படுமுன் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

சுவர்களை நிறுத்தும்போது பிள்ளையின் கேத்திரகணிதப் பெட்டியில் உள்ள மூலைமட்டத்தை மூலையில் வைத்துப் பாருங்கள். பிறகு நிலப் பலகையின் எதிரெதிர் மூலைகளுக்கிடையே இரண்டு குறுக்களவுகளையும் நூலால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமானால் வீடு சரி. சமமில்லாவிட்டால் வீடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கூரை உட்காராது. மேசன்மார் அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போது செய்வதும் இதுவே. மூன்றடி, நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கும் அவர்களது முறையை மூன்றங்குலம், நான்கங்குலம், ஐந்தங்குலம் என்று எமது மேசையிலேயே செய்து காட்டலாம். பைதகரசின் தேற்றத்தைக் கரும்பலகையில் கண்டு பயந்த என் மூத்த மகள் நூலைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொண்டாள். கணித ஆசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக.

நிறம் பூசுவதிலும் காகிதம் ஒட்டுவதிலும் ஒழுங்கு ஒன்று உண்டு. உள்ளே விளக்கு வைப்பதானால் முதலில் அதன் கம்பியைச் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். பிறகு மேற்தளம், பிறகு சுவர், கடைசியாக நிலம். சுவரும் நிலமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய மரப்பட்டி ஒன்றை ஓட விட்டால் காகிதம் வெட்டியதில் உள்ள கோணல் எல்லாம் மறைந்துவிடும். உண்மை வீடுகளிலும் அந்தப் பட்டி இருப்பதற்கு இது ஒரு காரணம். பலகையின் ஒரு புறத்துக்கு மட்டும் பெயின்ட் பூசினால் அது ஈரத்தை இழுத்து வில்லாக வளையும். ஆகவே மறுபுறத்துக்கும் மெல்லிதாக ஒரு பூச்சுக் கொடுங்கள், மாரி காலத்தில் மறக்கவே வேண்டாம். வீட்டுச் சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷன் இருந்தால் அதுவே போதும்.

அலங்காரத்துக்குத்தான் எமது பெண்களின் கை பெயர் பெற்றது. ஆனாலும் பெரிய வீட்டுக் கண்ணைச் சிறிய வீட்டுக்குக் கொண்டுவந்தால் பிழைத்துப் போகும். பெருநாள் உடுப்பில் மீந்த துணியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமான பூ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சின்னப் பூதான். 1:12 வீட்டுக்குள் அது பதினெட்டுச் சென்ரிமீற்றர் பூ. 1:24 வீட்டுக்குள் முப்பத்தாறு சென்ரிமீற்றர், அதாவது ஒரு சோற்றுக் கோப்பையை விடப் பெரிய பூ. பன்பாய்த் துண்டொன்றை வெட்டி நிலத்தில் விரித்தால் அது தடித்த கயிற்றுப் பின்னலாகத் தெரியும். ஆகவே மெல்லிய பருத்தி, பொடிக் கோடு, பொடிக் கட்டம், இவைதான் பொருந்தும். மருதமுனைக் கைத்தறியில் ஓரத்துக்கு வரும் மெல்லிய கோடுகள் ஒரு கட்டில் விரிப்புக்கென்றே நெய்தவைபோல் அமைந்துவிடும்.

சின்னத் துணிக்குப் பாரம் கிடையாது. எனவே திரைச்சீலை தொங்காமல் விறைத்து நிற்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து துணியை நனைத்து, பொலித்தீன் சுற்றிய அட்டையில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசியால் குத்திக் காய விடுங்கள். காய்ந்ததும் மடிப்பு அப்படியே நிற்கும். கட்டில் விரிப்பையும் இப்படித்தான் படிய வைக்க வேண்டும்.

நிலத்துக்கு ஐஸ் பழக் குச்சிகளைப் போல நல்ல பலகை கடையில் கிடைக்காது. ஒரு சென்ரிமீற்றர் அகலக் குச்சி 1:12 வீட்டில் ஐந்தங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பலகை. வட்டமான முனைகளை வெட்டிவிட்டு, மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி ஒட்டினால் பழைய காலத்துப் பங்களா நிலம் வந்துவிடும். வெளிச் சுவருக்குக் கல் வேண்டுமானால் முட்டை வைத்து வரும் சாம்பல் நிற அட்டையைச் சிறு சிறு சதுரமாக வெட்டி ஒட்டிப் பெயின்ட் பூசுங்கள், அதன் சொரசொரப்புக் கல்லேதான். பார்சல் பெட்டி அட்டையின் மேல் தாளை நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியான தகரக் கூரை இருக்கிறது. பெட்டியில் வரும் வெளிநாட்டுக் கூரையைக் காட்டிலும் என் இளைய மகளுக்கு அதுதான் பிடித்தது. பெட்டிக்காரர் தந்த தேநீர் மேசையையும் அவள் ஒதுக்கிவிட்டு, மருந்துப் போத்தலின் தட்டை மூடியைச் சஹனாக்கி நிலத்தில் வைத்துவிட்டாள். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று யாரும் அவளைத் திருத்தவில்லை.

தாய்மார் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளை கோணலாக ஒட்டிய காகிதத்தைக் கண்டால் உங்கள் கை தானாக நீளும். "தா, நான் ஒட்டித் தாறேன்" என்று வாங்கினால் மூன்றாம் நாள் வீடு அழகாக இருக்கும், பிள்ளை வேறெங்கோ இருப்பாள். பிறகு "தொடாதே, உடைந்துபோகும்" என்று அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவீர்கள். பெரியவர்கள் தமக்கென்று ஒன்று கட்ட விரும்பினால் தாராளமாகக் கட்டட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு இரண்டாவது பெட்டி வேண்டும்.

உண்மையில் பொம்மை வீடு பிள்ளைகளுக்கென்று தொடங்கியதே அல்ல. அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது ஜேர்மனியின் பவேரியாவை ஆண்ட ஐந்தாம் அல்பிரெக்ட் பிரபு 1557, 1558 ஆம் ஆண்டுகளில் செய்வித்தது. அது அவரது அரும்பொருட் சேகரிப்பில் ஒன்றாக இருந்து 1674 இல் தீயில் அழிந்தது. ஒல்லாந்தில் பட்டு வியாபாரி ஒருவரின் மனைவியான பெட்ரொனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணி 1686 தொடக்கம் 1710 வரை செய்வித்த வீடு இன்றும் அம்ஸ்டர்டாமின் றைக்ஸ் அரும்பொருட் சாலையில் இருக்கிறது. அலுமாரி ஒன்றுக்குள் அறைகள் அமைத்து, பீங்கானும் பட்டும் சரியான அளவிலேயே செய்வித்து நிரப்பியிருக்கிறார். செலவான பணத்துக்கு அந்நகரின் வாய்க்கால் ஓரத்தில் ஓர் உண்மை வீடே வாங்கியிருக்கலாம். அதே ஆண்டுகளில் எமது கரையோரங்களை ஆண்டுகொண்டிருந்தது ஒல்லாந்தக் கம்பனி. அந்நகரத்துச் செல்வத்தில் எமது கறுவாவின் பங்கும் உண்டு என்பதை அந்த அலுமாரியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரப் பெண்கள் வேறு வழியில் சென்றார்கள். 1631 இல் அன்னா கோஃபர்லின் என்பவர் பெரிய பொம்மை வீடொன்றைச் செய்து, வீட்டு நிர்வாகத்தைப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று அச்சிட்ட தாளில் அழைப்பு விடுத்து, கட்டணம் வாங்கிக் காட்டினார். அந்நகரத்து வீடுகளில் குசினிதான் பார்க்க வேண்டிய இடம். சட்டி, அகப்பை, தட்டு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். பிரித்தானிய அரசி மேரிக்கென்று 1921 இற்கும் 1924 இற்கும் இடையில் எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த 1:12 வீட்டில் குழாயில் தண்ணீர் வரும், மின்குமிழ் எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். அது இன்று வின்ட்சர் கோட்டையில் உள்ளது.

எனக்கு இவர்களைவிடப் பெரியவராகத் தோன்றுபவர் அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1878 இல் பிறந்த செல்வந்தர் வீட்டுப் பெண். பல்கலைக்கழகம் சென்று படிக்க ஆசைப்பட்டார், வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. தைக்கவும் பின்னவும் சின்னச் சாமான் செய்யவும் மட்டும் தெரிந்துகொண்டு வளர்ந்தார். நடுவயதைத் தாண்டிய பிறகு, மர்ம மரணங்களை விசாரிக்கும் மருத்துவத் துறையில் ஈடுபாடு கொண்டு ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் தன் பணத்தைக் கொடுத்து அத்துறையை வளர்த்தார். 1940 களில், மரணம் நிகழ்ந்த அறைகளை 1:12 அளவில் பொம்மை வீடுகளாகச் செய்தார். பொலிஸார் அந்த அறையைப் பார்த்தே என்ன நடந்திருக்கும் என்று ஆராய வேண்டும். யன்னல் திறந்திருக்கிறதா, நாட்காட்டியில் எந்த மாதம், அடுப்பில் என்ன என்பதெல்லாம் அதில் தடயங்கள். பொம்மைகளின் காலுறையைக் குண்டூசி கொண்டு பின்னினாராம். அவற்றில் 18 பால்டிமோர் நகரில் பேணப்பட்டு, பயிற்சிக்கும் பாவிக்கப்பட்டு வந்துள்ளன. "பொம்பிளைப் பிள்ளையின் பொழுதுபோக்கு" என்று வீட்டார் கற்றுக்கொடுத்த அதே வேலை!

இனி, சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று. இப்பெட்டிகளில் சில சிறு விளக்குகளுடன் வருகின்றன. அவற்றுக்குப் போடுவது காசு போன்ற தட்டைப் பற்றரி, பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் அகலமான 3 வோல்ட் பற்றரி. ஒரு சின்னப் பிள்ளை அதை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே கடுமையாக வெந்து புண்ணாகலாம். பற்றரி பழசானாலும் அந்த ஆபத்து இருக்கிறது. பிள்ளை முதலில் இருமுவான், எச்சில் வடிப்பான், சாப்பிட மறுப்பான், தடிமன் என்று நினைத்துவிடுவோம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள், பற்றரி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் தவழும் பிள்ளை உண்டென்றால் விளக்கே வேண்டாம், கம்பியோடு எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மற்றவர்களும் பற்றரி வைக்கும் மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் மணிகளையும் நட்டு ஆணிகளையும் மூடி இறுகிய போத்தலில் போட்டு உயரத்தில் வையுங்கள். கட்டர் கத்தியைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலன்றிப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

கத்தியையும் குறட்டையும் ஆண் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் திரைச்சீலையைப் பெண் பிள்ளையிடம் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. நான் பார்த்தவரை அதற்கு நியாயமில்லை. தம்பி திரைச்சீலை மடிக்கட்டும், ராத்தா ஆணி முடுக்கட்டும். வேலை முடிந்த வீட்டை யன்னலோரம் வைத்தால் வெயிலில் காகிதம் வெளுத்துவிடும். நிலத்தோடு வைத்தால் கறையான் ஏறும். ஒரு மேசையில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தூசிக்குப் பெயின்ட் பிரஷ் ஒன்று போதும்.

இந்தப் பக்கத்தை இத்தனை நீளமாக எழுத வைத்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. கிழக்கில் எம்மவர் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மணமுடித்து வைக்கிறார்கள். அதற்காக வாப்பா வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து வருடம் உழைக்கிறார். அந்த வழக்கத்தின் சரி பிழையை இங்கே பேச வரவில்லை. ஆனால் அந்த வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். படத்தை மேசன் பாஸும் வாப்பாவும் தொலைபேசியில் கதைத்து முடிவு செய்கிறார்கள். நாற்பது வருடம் அதில் வாழப்போகும் பிள்ளையிடம் கேட்பது நிலத்துக்கு எந்த நிற டைல் என்பதை மட்டும்தான். வீதிப் பக்கம் விறாந்தைக்கு மூன்று யன்னல் இருக்கும். குசினி பின்னால், மேற்கு வெயிலில், காற்று வராத மூலையில் இருக்கும். அவளிடம் காகிதத்தில் வரைந்த படத்தைக் காட்டினாலும் "சரி வாப்பா" என்பாள். கோடுகளைப் பார்த்து அறையை மனக்கண்ணில் காண யாரும் அவளுக்குப் பழக்கவில்லை.

ஒரு பொம்மை வீட்டைக் கூட்டிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. அதற்குப் பெட்டியும் தேவையில்லை. முப்பதடி நீளம், இருபத்து நான்கடி அகலமான வீடு 1:24 அளவில் பதினைந்து அங்குலமும் பன்னிரண்டு அங்குலமும்தான், ஒரு தட்டில் அடங்கிவிடும். அட்டையில் நிலத்தை வெட்டுங்கள். பத்தடிச் சுவருக்கு ஐந்தங்குல அட்டை. யன்னல், கதவுகளை வெட்டித் திறவுங்கள். நான்கடி அகலம், இரண்டடி ஆழமான அலுமாரிக்கு இரண்டங்குலம், ஓரங்குலத்தில் ஒரு பெட்டி. கட்டில், மேசை, குளிர்சாதனப் பெட்டி, காஸ் அடுப்பு எல்லாவற்றையும் அளந்து இப்படியே செய்து உள்ளே வைக்க வேண்டும். திசைகாட்டி பார்த்து வீட்டைத் திருப்பி வைத்து, இரவில் ஒரு டோர்ச் லைட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கொண்டுபோனால் எந்த அறைக்கு எந்நேரம் வெயில் என்று கண்ணால் காணலாம்.

உறவினர் ஒருவரின் வீட்டுப் படத்தை எடுத்து என் பிள்ளைகள் இப்படி ஓர் அட்டை வீடு செய்தார்கள். மணப்பெண்ணும் கூட இருந்து ஒட்டினாள். படுக்கையறையில் அலுமாரியை வைத்த பிறகு கதவு பாதிதான் திறந்தது. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றால் முதுகுப் பக்கம் யன்னல் வந்தது, தன் கையின் நிழல் சட்டிக்குள் விழும் என்று அவளே சொன்னாள். கதவின் பிணைச்சலை மறுபக்கம் மாற்றவும், குசினி யன்னலைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுவரவும் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மேசன் பாஸிடம் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்கட்டையும் இதில் போட்டுக் காட்ட முடியுமா மகள் என்று கேட்டார்.